மடக்கு போன்காரனிடமிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் ஸ்மார்ட்போனை ஓரமாக வைத்துவிட்டு ஃபிளிப் போனுக்கு மாறுகிறார்கள், அதில் ரொம்ப நிம்மதியாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே ஒரு படம். கடற்கரையில் ஒரு பெண் ரோஸ் கலர் மடக்கு போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாதிரி போனை மூன்று வருஷத்துக்கு மேலாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சியில் தொழில் பண்ணுகிறவன் நான். கட்டுரையில் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகப் போகும். உங்களுக்கு இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், நான் நிம்மதிக்காக இதை வாங்கவில்லை. எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை உருவி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுக்கிற வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் வரை கையில் வார்னிஷோ கிரீஸோ இருந்துகொண்டே இருக்கும். நானும் ஒன்றரை வருஷம் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவன்தான். போன் அடிக்கும், பச்சை வட்டத்தை இழுப்பேன், வராது. மறுபடி இழுப்பேன், கண்ணாடியில் வார்னிஷ் கறை விழும், அப்போதும் வராது. அதற்குள் அந்தப் பக்கம் இருப்பவர் வைத்துவிடுவார். மூக்கால் தேய்த்துப் போனை எடுத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன். மூன்றாம் தடவை ஏழரை ஹெச்.பி. மோட்டாரின் ஸ்டேட்டர், அதாவது காயில் உட்காருகிற இரும்புக் கூடு, அதன் மேலேயே விழுந்தது. சரி போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் இது. வாங்கப் போன அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் போய் "ஃபிளிப் போன் இருக்கா தம்பி" என்று கேட்டேன். பையன் மரியாதையாக உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினான். திரையே இரண்டாக மடிகிறது. என்ன விலை என்றால், ஒரு லட்சத்தை ஒட்டி ஏதோ சொன்னான். நான் கேட்டது இது இல்லப்பா, பட்டன் வைத்தது, பழைய மாடல் என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்படியே எழுந்து வேறு ஒரு சின்னக் கடைக்குப் போனேன். 2022-ல் நோக்கியா பெயரில் 4,699 ரூபாய்க்கு ஒரு மடக்கு போன் வந்த பிறகுதான் இந்த ரகம் மறுபடியும் கடைகளில் கண்ணில் பட ஆரம்பித்தது. என்னுடையது அது இல்லை, வேறு ஒன்று. கம்பெனி பெயரெல்லாம் எதற்கு, நல்லதும் சொல்லப்போகிறேன், திட்டவும் போகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நகத்தை நடுவில் கொடுத்து நெம்பினால் திறந்துவிடும், திறந்தாலே பேச்சு ஆரம்பம். கையில் என்ன இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பேசி முடித்து மூடினால் டப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை என்றே சொல்லலாம். பாக்கி தராமல் நாலு மாதமாக இழுத்தடிக்கிறவரிடம் பேசிவிட்டு மூடும்போது வருகிற டப்புக்கும், மகளிடம் பேசிவிட்டு மூடும்போது வருகிற டப்புக்கும் வித்தியாசம் உண்டு, கடைப் பையனே கண்டுபிடித்துவிடுவான், "அண்ணே, முசிறிக்காரரா?" என்பான். 1995-ல் இந்த நாட்டில் செல்போன் வந்து, 2003 வரை வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுத்தோம் என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் மடக்கு போன் வைத்திருந்தவர்களுக்கு அந்த டப், மீட்டர் நின்ற சத்தம்.

என் கடைக்கு அடுத்தது லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பு கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில் தட்டையான போனில் நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது, "என்னண்ணே, ரைஸ் மில்லுல இருக்கீங்களா" என்பார்கள். மடக்கு போனைப் பிரித்தால் காதுக்குக் காது, வாய்க்கு வாய் என்று சரியாக வந்து உட்காருகிறது, லேசாக வளைந்து மைக் வாய்ப் பக்கம் நெருங்குகிறது. யோசித்துப் பார்த்தால் இந்த வடிவமே அதற்காக வந்ததுதான். 1996-ல் மோட்டரோலா கம்பெனி ஸ்டார்டாக் என்று ஒன்று விட்டது, மொத்தமே 88 கிராம், மடித்துப் பையில் போட்டால் சின்னது, பிரித்தால் முகத்தின் அளவுக்கு நீளம். அப்புறம் 2004-ல் வந்த அவர்களுடைய ரேஸர் உலகம் முழுக்க 13 கோடிக்கு மேல் விற்றது. அதை அப்போது எங்கள் தெருவில் ஒரு சிமெண்ட் ஏஜென்ட் வைத்திருந்தார், எடுத்துப் பேசுவதைவிடத் திறந்து மூடிக் காட்டினதுதான் அதிகம்.

சார்ஜ் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போட்டால் புதன்கிழமை மத்தியானம் வரை நிற்கும். இரண்டு ஆள் உயர ரேக்கிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்து மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று சிதறியிருக்கிறது. பொறுக்கிப் பொருத்தினேன், ஓடியது. பேட்டரி உப்பினால் நானே கழற்றி வேறு போட்டுக்கொள்வேன். எதையும் பிரித்துப் பார்க்கிற தொழில்காரனுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல்.

இன்னொன்று, இதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று எனக்கே தெரியவில்லை. வெளியூர் விவசாயி மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் பண்ணினால், மற்ற கடைக்காரர்கள் "நேம் பிளேட்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எனக்கு அது முடியாது. அதனால் மோட்டார் மேல் இருக்கிற அந்த விவரத் தகட்டைப் படிக்கச் சொல்வேன். அவர் பம்ப்செட் கொட்டகையில் டார்ச் அடித்துக்கொண்டு, எச்சில் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். "ஹெச்.பி. அஞ்சு... வோல்ட் நானூத்திப் பதினஞ்சு... ஆர்.பி.எம். ரெண்டாயிரத்து எட்நூத்தி எம்பது..." நான் அட்டையில் எழுதிக்கொள்வேன். பாதியில் தகடு அழிந்திருக்கும். அப்போது வாசனை எப்படி இருக்கிறது, எரிவதற்கு முன் உறுமியதா, ஊரில் கரண்ட் எப்படி இருந்தது என்று கேட்பேன். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போய் மற்ற இரண்டில் ஓடி எரிந்த மோட்டாருக்கும், சும்மா பேரிங் இறுகிச் சூடான மோட்டாருக்கும் அவர்கள் சொல்லுகிற கதை வேறுவேறாக இருக்கும். போட்டோ வந்திருந்தால் இதையெல்லாம் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் போட்டோ வந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்பதும் நிஜம். அவசரக்காரர்கள் நாலைந்து பேர் இதனாலேயே வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பெயர் இன்னும் என் போனில் இருக்கிறது. பெயர் என்றால், நான் ஆட்களை மோட்டாரை வைத்துத்தான் பதிந்துவைத்திருக்கிறேன், லால்குடி 5 ஹெச்.பி., குளித்தலை கிணறு, இப்படி.

இனி திட்டு.

கீல். மடக்கு போனின் உயிரும் அங்கேதான், எமனும் அங்கேதான். மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவே, கீலுக்குள் புகுந்து ஒரு மெல்லிய பட்டை போகிறது, ஃப்ளெக்ஸ் என்பார்கள். பிளாஸ்டிக் தாளில் முடி முடியாகச் செம்புக் கோடு பதித்தது. திறந்து மூடும்போதெல்லாம் அதுவும் மடங்கி நிமிர வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 21,900 தடவை. செம்புக் கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்தால் விட்டுப்போகும் என்பது எங்கள் பட்டறைக்கு வருகிற சின்னப் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்கு இரண்டாவது வருஷத்தில் போனது. முழுசாகத் திறந்தால் திரை வெள்ளை, முக்கால்வாசி திறந்தால் படம் வரும். மூன்று வாரம் முக்கால்வாசி திறந்தே பேசினேன், ஏதோ ரகசியம் பேசுகிறவன் மாதிரி. ரிப்பேர்க்காரர் "ஃப்ளெக்ஸ் போயிருச்சு சார், இந்த மாடலுக்கு ஸ்பேர் வராது, புதுசு வாங்கிடுங்க" என்றார். கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போன ஒரு நண்பர் அதே மாடலில் செத்த போன் ஒன்றை வாங்கி வந்தார், அதிலிருந்து எடுத்துப் போட்டோம். போனின் விலையில் பாதி அதற்கே போய்விட்டது. கீல் வைத்து ஒரு பொருளை விற்கிறவர்கள், கீலில் தேய்கிற ஒரே ஒரு பட்டையைத் தனியாக விற்க மாட்டேன் என்பது எனக்குப் புரியவே இல்லை.

காந்தக் கூத்து இன்னொன்று. மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று போன் தெரிந்துகொள்வதற்காக ஒரு பாதியில் சின்னக் காந்தமும் மறு பாதியில் அதை உணர்கிற சென்சாரும் இருக்கும். என் பெஞ்சில் திருகாணி பொறுக்குவதற்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடக்கிறது. அதன் பக்கத்தில் திறந்து வைத்தால் போன் தன்னை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடும். இது புரிவதற்குள் ஒரு மாதம் போனைத் திட்டித் தீர்த்தேன்.

அப்புறம் இந்த மூடினால் கட் ஆகிற விஷயம். "இந்தா, அக்கா பேசணுமாம்" என்று மனைவியிடம் நீட்டினால், வாங்குகிற வேகத்தில் மூடிவிடுவாள். அவள் மேல் தப்பில்லை, திறந்து கிடக்கிற எதையும் மூடுவது அவள் சுபாவம். ஆனால் அந்தப் பக்கம் அக்கா, நாங்கள் வேண்டுமென்றே வைத்துவிட்டோம் என்று இரண்டு நாள் பேசவில்லை.

மெசேஜ் அடிப்பது தனிக் கொடுமை. தமிழில் படிக்க முடிகிறது, அடிக்கப் பொறுமை இல்லை, அதனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பேன். நீங்களே எண்ணிப் பாருங்கள். 'சரி' என்று அனுப்ப, 7-ஐ நாலு தடவை, 2-ஐ ஒரு தடவை, திரும்ப 7-ஐ மூன்று தடவை, 4-ஐ மூன்று தடவை, ஆக மொத்தம் பதினோரு அழுத்து. 'வரேன்' என்பதற்கும் அதே பதினொன்று. 'ஓகே' ஐந்திலேயே முடிந்துவிடும். வாழ்க்கையில் ஓகே சொல்லாத ஆள் நான், இப்போது எல்லாவற்றுக்கும் ஓகே. தமிழில் வருகிற மெசேஜுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கிலீஷில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70-தான், அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கு. 'கா' என்றால் இரண்டு, 'ஸ்ரீ' என்றால் நாலு. பண்டிகைக்கு ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர் அனுப்புகிற வாழ்த்து மூன்று துண்டாக வரும்.

இதில் மெசேஜ் பெட்டி வேறு சின்னது. ஒரு நாள் ஒரு அலுவலக கவுண்டரில் நிற்கிறேன், உள்ளே இருப்பவர் "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். வரவில்லை. மறுபடி அனுப்பினார், வரவில்லை. பார்த்தால் ஓரத்தில் உறை மாதிரி ஒரு படம் மினுக்கிக்கொண்டிருக்கிறது, பெட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது, முடிந்துவிட்டது, முடிந்தே விட்டது என்று வந்த குப்பையெல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக ஆப்ஷன், டெலீட், நிச்சயமா, ஆமாம் என்று அழித்துக்கொண்டே இருக்கிறேன், பின்னால் வரிசை முனகுகிறது. இடம் கிடைத்ததும் மூன்று ஓடிபி ஒன்றாக வந்து விழுந்தன. எது கடைசி என்று தெரியாமல் நடுவில் இருந்ததைச் சொன்னேன், தப்பு.

சரி, இதெல்லாம் போனின் குறை. சகித்துக்கொள்ளலாம், சிரித்துக்கொள்ளலாம். என் நிஜமான வருத்தம் போன் மேல் இல்லை.

பணம் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதில் எனக்குப் பிரச்சினையே கிடையாது. மேசையில் க்யூஆர் அட்டை இருக்கிறது, பக்கத்தில் தொகையைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி இருக்கிறது, அதற்குள்ளேயே தனி சிம், என் போனைக் கேட்பதில்லை. கொடுப்பதுதான் பாடு. வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டார் 99 ஹேஷ் போட்டுப் பணம் அனுப்புகிற வழி 2014-லிருந்து இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி எங்களைப் போன்றவர்களுக்கென்றே யூபிஐ 123பே என்று ஒன்று கொண்டுவந்தது, ஒரு நம்பருக்கு போன் பண்ணிப் பட்டனை அமுக்கியே பணம் அனுப்பலாம். 2024 அக்டோபரில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்ததை 10,000 ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் பேரிங் கடையில் போய் நின்று செய்து பாருங்கள். க்யூஆர் எனக்குச் சும்மா கறுப்புப் புள்ளிக் கோலம். அதனால் "உங்க மொபைல் நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். கேட்டதுமே பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நம்பர் அடித்து, தொகை அடித்து, ரகசியப் பின் நம்பர் அடிக்க வேண்டும், ஸ்டார் 99 வழியில் அந்தப் பின் மறையாமல் திரையில் அப்படியே தெரியும், கையால் பொத்திக்கொண்டு அடிப்பேன். பாதியில் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளும். "அண்ணே, கேஷ் இருந்தா குடுங்களேன்" என்பார் கல்லாவில் இருப்பவர். இருக்கும். எப்போதும் வைத்திருப்பேன். சில்லறை அவரிடம் இருக்காது.

இப்போது எல்லா இடத்திலும் இப்படித்தான். ரத்தப் பரிசோதனை செய்தால் ரிசல்ட் கையில் தருவதில்லை, எஸ்எம்எஸ்ஸில் ஒரு லிங்க் வருகிறது. என் போனில் அது வெறும் எழுத்து, அதைத் தொட முடியாது, முறைத்துப் பார்க்கலாம். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். வங்கியில் போய் ஏதாவது கேட்டால் "ஆப்ல பாத்துக்கலாமே சார்". கொடைக்கானல் போவதென்றால் 2024 மே 7-லிருந்து, நீதிமன்றம் சொன்னபடி, வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், நல்ல காரணத்துக்காகத்தான், ஆனால் அதையும் எங்களுக்கு டிரைவர்தான் தன் போனில் எடுத்தார். ஒரு ஹோட்டலில் மெனு கார்டுக்குப் பதில் மேசையில் க்யூஆர் ஒட்டியிருந்தார்கள். சப்ளையரைக் கூப்பிட்டு "எனக்கு இது வராதுப்பா" என்றேன். அவர் ஒரு நொடி திகைத்துவிட்டு, இட்லி வடை பொங்கல் பூரி கிச்சடி ரவா ரோஸ்ட் நெய் ரோஸ்ட் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார் பாருங்கள். முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். ரொம்ப நாளாயிற்று போல.

நடுவில் ஒரு சின்ன வழி திறந்திருந்தது. 2017-ல் ஜியோபோன் வந்தது, 1,500 ரூபாய் டெபாசிட், அடுத்த வருஷமே அந்தப் பட்டன் போனில் வாட்ஸ்அப்பும் வந்தது. அதில் இருந்த கைஓஎஸ் என்கிற மென்பொருள் போட்ட மற்ற பட்டன் போன்களிலும் கிடைத்தது. என் தங்கை மாப்பிள்ளை அதில்தான் பேரன் படமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 2024 ஜூனோடு புதிதாக யாரும் அதில் இறக்கிக்கொள்ள முடியாது என்றார்கள், அப்புறம் இருந்ததும் நின்றுபோனது. லட்சக்கணக்கான லாபம் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சில்லறை, அது புரிகிறது. ஆனால் அதன் விளைவு எங்கே வந்து நிற்கிறது என்று சொல்கிறேன்.

தஞ்சாவூரில் என் சித்தப்பா போன தை மாதம் தவறிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் மகன் குடும்ப குரூப்பில் படம் போட்டு, எடுக்கிற நேரமும் போட்டிருக்கிறான். நான் அந்த குரூப்பில் இல்லை, இருக்கவும் முடியாது. என் மனைவி அன்றைக்கு ஒரு கல்யாண வேலையாக இருந்தாள், போனைப் பையிலிருந்து எடுத்தது மத்தியானம் ஒன்றரைக்கு. அலறியடித்துக்கொண்டு எனக்கு போன் பண்ணினாள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் என்ன தூரம், ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து எல்லாரும் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டின மனுஷன். தம்பி அழுதுகொண்டே சொன்னான், "குரூப்ல போட்டேனேண்ணே". அவனை என்ன சொல்ல முடியும்? அந்த நிலைமையில் நூறு பேருக்கு போன் பண்ண முடியுமா? ஒரு படம் போட்டால் எல்லாருக்கும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முன்பெல்லாம் துக்கம் சொல்ல ஆள் வரும், அப்புறம் தந்தி வந்தது, அப்புறம் போன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர், இன்னாருக்குச் சொல்லியாச்சா என்று விரல்விட்டு எண்ணினார்கள். இப்போது எண்ண வேண்டியதில்லை. அதனால்தான் நான் விட்டுப்போனேன்.

உங்கள் கட்டுரையில் இல்லாத பாதி இதுதான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அது என் மேலேயே சொல்லிக்கொள்ள வேண்டிய குறை.

ஸ்மார்ட்போன் இல்லாமல் வாழ்கிறேன் என்று நான் சொன்னால் அது முக்கால்வாசிப் பொய். என் மனைவியின் ஸ்மார்ட்போனில்தான் வாழ்கிறேன். டிக்கெட் அவள் போனில். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் கடைசியில் திறந்தது அவள் போனில். செம்புக் கம்பிக்காரருக்குப் பெரிய தொகை அனுப்புவது அவள் கணக்கிலிருந்து. என் வங்கி ஆப்பை அவள் போனில் போடலாமே என்று பார்த்தால், பதிந்த சிம் அந்த போனுக்குள்ளேயே இருந்தால்தான் அது வேலை செய்யுமாம். வாடிக்கையாளர்களில் சிலர், எப்படியோ நம்பரைப் பிடித்து, நேம் பிளேட் போட்டோவை அவளுக்கே அனுப்புகிறார்கள். சமையல் பண்ணிக்கொண்டே அவள் எனக்கு போன் பண்ணிப் படித்துச் சொல்கிறாள், இப்போது ஹெச்.பி., ஆர்.பி.எம். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கட்டுரையை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இந்த போன் வைத்திருப்பவர்களுக்கு நிம்மதியாம் என்று. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள், "ஆமா, நிம்மதியெல்லாம் உங்களுக்கு, டிங் டிங்னு சத்தமெல்லாம் எனக்கு."

ரெண்டு நாள் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் படத்தில் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் வீட்டில் யாரோ ஒருவர் டிக்கெட் போட்டுத் தருகிறார்கள், யாரோ பணம் அனுப்புகிறார்கள். அது யார் என்று உங்கள் நிருபர் கேட்டிருக்கலாம்.

ஆப் வேண்டாம், எல்லாம் பழையபடி மாறட்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்றும் இல்லை. கேஸ் சிலிண்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், பதிவாகிவிடுகிறது, டெலிவரிக்கு எண் எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. என் போன் அதைக் கச்சிதமாகச் செய்கிறது. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் ஓடிபி கட்டாயம் என்றபோது போச்சு என்று நினைத்தேன், ஆனால் ஸ்டேஷன் கவுண்டரில், நாம் கொடுக்கிற நம்பருக்கு வருகிற ஓடிபியைச் சொல்லி வாங்க வழி வைத்திருக்கிறார்கள், பெட்டி நிரம்பாமல் இருந்தால் சரி. அதாவது மனசு வைத்தால் முடிகிறது. மிஸ்டு கால், எஸ்எம்எஸ், கவுண்டரில் ஒரு ஆள், கேட்டால் ஒரு தாள், இதில் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் விட்டுவைத்தால் போதும். பரிசோதனைக் கூடத்தில் "பிரிண்ட் வேணுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த ராத்திரி தூங்கியிருப்பேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் இப்போதெல்லாம் வாட்ஸ்அப் நம்பரும் மின்னஞ்சலும் மட்டும்தான் போடுகிறீர்கள். தபால் முகவரி இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டவர், வெளியிட்டவர் என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பீர்களே, அதிலிருந்துதான் முகவரி எடுத்தேன், காயில் சுற்று எண்ணுகிற பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். பதிவுத் தபாலில் போடலாம் என்று போனால் 2025 செப்டம்பரிலிருந்து அதையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்றார்கள். சரி என்று அதிலேயே அனுப்பியிருக்கிறேன்.

கடிதம் வந்தால் எனக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டாம். எங்கள் தெரு முனை டீக்கடையில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள், ஆறரைக்குப் போனால் நடுப்பக்கம் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
திருச்சி